கணித்துக் காணும் பொறிமுறை

உயிரினங்கள் ஏன் எரிந்துபோவதில்லை என்பது விளையாட்டான வினாவன்று. நாம் சுவாசிக்கும் வளியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஒட்சிசன். நமது உடலோ காபனும் ஐதரசனும் மிகுந்த சேர்வைகளாலானது. வெப்பவியக்கவியலின் கண்ணுக்கு அடுப்பங்கரையில் அடுக்கிய விறகும் நமது தசையும் ஒன்றே. இரண்டும் ஒட்சிசனுடன் சேர்ந்து காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறுவதே சக்தி நிலையிற் சாதகமானது. எனினும் விறகு ஆண்டுக்கணக்கில் அடுக்கிலேயே கிடக்கிறது. நாமும் எழுபது எண்பது ஆண்டுகள் இவ்வளியில் நடமாடி முடிக்கிறோம். இதற்கான காரணம் ஒட்சிசன் மூலக்கூற்றின் இலத்திரன் அமைப்பில் உள்ளது. அதன் இரு இலத்திரன்கள் சோடி சேராமல் ஒரே திசையிற் கறங்குவனவாக உள்ளன. சேதனச் சேர்வைகளிலோ பொதுவாக இலத்திரன்கள் யாவும் சோடி சேர்ந்தே இருக்கும். இவ்விரு சாராரும் நேரடியாகத் தாக்கமுறுவதைச் சொட்டுப் பொறியியலின் கறங்கல் விதி தடுக்கிறது. தீக்குச்சியின் வெப்பம் போன்ற ஏதேனுமொன்று சுயாதீன மூலிகங்களைத் தோற்றுவித்தாலன்றி அத்தடை நீங்குவதில்லை. நாம் உயிரோடிருப்பது இந்த விதியின் தயவினால் எனலாம்.

ஆயின் அதே உயிருக்கு ஒட்சிசனின் தாக்கமும் வேண்டியிருக்கிறது. தடையை வேண்டிய இடத்தில், வேண்டிய அளவுக்கு மட்டும் நீக்கிக்கொள்வதற்கு உயிர் கண்ட வழிகளுள் முதன்மையானது இரும்பு. சோடி சேராத இலத்திரன்களைக் கொண்ட இத்தாண்டல் மூலகம் ஒட்சிசனுடன் பிணையும்போது இரண்டினதும் இலத்திரன்கள் தம்முட் கலந்து, கறங்கல் விதியின் இறுக்கம் தளர்கிறது. இவ்விடத்தில் என்னை நெடுங்காலமாக ஈர்த்துவந்த புதிர் ஒன்றுண்டு. ஈமோகுளோபினில் உள்ள ஈம் ஒட்சிசனை நுரையீரலிலிருந்து ஏற்றி, இழையங்களிற் சேதமின்றி இறக்கிவைக்கிறது. அதே ஈம் திரிப்தோபன் டையொட்சிசனேசு என்னும் நொதியத்தினுள் அமர்ந்திருக்கும்போது ஒட்சிசனை உடைத்து, அதன் இரு அணுக்களையும் திரிப்தோபன் என்ற அமினோவமிலத்தினுட் செருகி, அதன் இந்தோல் வளையங்களுள் ஒன்றைப் பிளந்துவிடுகிறது. ஒரே இரும்பு, ஒரே போபைரின் வளையம். ஓரிடத்திற் சுமைகாவி, மற்றோரிடத்திற் கத்தி. வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

இத்தாக்கம் எத்துணை பழைய வரலாறு உடையது என்பதைச் சற்று விரித்துக் கூறலாம். 1853ஆம் ஆண்டில் யேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக் நாயின் சிறுநீரிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். நாய், சிறுநீர் என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குக் கைனுரெனிக் அமிலம் என்று பெயரிடப்பட்டது. அது திரிப்தோபனின் சிதைவில் விளைவது என்பது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரியவந்தது. 1930களில் பீடிலும் எப்ருசியும் பழவீயின் கண்நிறம் பற்றிய ஆய்வில் ஈடுபட்டிருந்தனர். வேர்மிலியன் எனப்படும் மாறல் ஈக்களின் கண்கள் கபில நிறப்பொருளை ஆக்கமாட்டாமற் கடுஞ்சிவப்பாக இருக்கும். அவ்வீக்களுக்குக் குறைவாக இருந்த பொருள் கைனுரெனீன் என 1940இல் பூற்றெனன்றின் குழுவினர் காட்டினர். அதாவது நமது நொதியம் பழுதுபட்டால் ஈயின் கண் நிறம் மாறுகிறது. ஒரு பரம்பரையலகுக்கு ஒரு நொதியம் என்ற பெருங்கருத்தின் வித்துகளுள் ஒன்று இந்தக் கண்களில் இருந்தே முளைத்தது.

மனிதருக்கும் இதிற் பங்குண்டு. சோளத்தை மட்டுமே உண்டு வாழ்ந்த ஏழை மக்களிடையே தோல் வெடித்து, வயிறு கழிந்து, புத்தி தடுமாறி மரணத்தில் முடிந்த பெலாக்கிரா என்னும் நோய் இத்தாலியிலும் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பெருந்தொகையானோரைப் பலிகொண்டது. நியாசின் என்ற உயிர்ச்சத்தின் குறைபாடே அது. நமது உடல் ஏறத்தாழ 60 மில்லிகிராம் திரிப்தோபனிலிருந்து 1 மில்லிகிராம் நியாசினை ஆக்கிக்கொள்ள வல்லது. சோளத்திலோ திரிப்தோபன் குறைவு, உள்ள நியாசினும் எளிதில் அகத்துறிஞ்சப்படாத வடிவில் இருக்கிறது. அவ்வாக்கப் பாதையின் முதற்படி ஈரலில் நமது நொதியம் செய்யும் ஒட்சியேற்றமே. ஈரலுக்கு வெளியே இதே தாக்கத்தைச் செய்யும் உறவு நொதியம் ஒன்றும் உண்டு. அது இந்தோலமீன் டையொட்சிசனேசு எனப்படும். கருவுற்ற எலிகளில் இந்நொதியத்தைத் தடுத்தால் தாயின் நிர்ப்பீடனம் கருவை அந்நியப் பொருளாகக் கருதி அழித்துவிடுகிறது என்ற முடிவு 1998இல் வெளியாயிற்று. அப்பரிசோதனையில் நொதியத்தைத் தடுக்கப் பயன்பட்ட பொருள் 1-மெதைல் திரிப்தோபன். இந்தோல் நைதரசனிலுள்ள ஐதரசனுக்குப் பதிலாக ஒரு மெதைல் கூட்டம் அமர்ந்த திரிப்தோபன் அது. இப்பெயரை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் வேறொரு வேடத்தில் அதைச் சந்திக்க நேரும்.

வளியிலுள்ள ஒட்சிசனே நேராகச் சேர்வையினுட் செல்கிறது என்பது 1955 வரை ஏற்கப்பட்ட கருத்தன்று. நொதியங்கள் ஐதரசனை அகற்றுகின்றன, ஒட்சிசன் அதைப் பெற்றுக்கொள்ளும் வெறும் ஏற்பி என்பதே அந்நாளைய செல்வாக்குப் பெற்ற கொள்கை. ஒட்சிசன்-18 என்ற சமதானியைப் பயன்படுத்தி, வேறொரு நொதியத்தைக் கொண்டு, அக்கொள்கையை ஹயாய்ஷி அவ்வாண்டில் உடைத்தார். இரண்டு ஆண்டுகளின் பின் திரிப்தோபனிலும் அவ்வாறே நிகழ்வதை அவரது குழு காட்டியது. ஆகவே தொடக்கமும் தெரிந்தது, முடிவும் தெரிந்தது. இடையில் நிகழ்வது யாது?

இளமாணி மாணவனாக நான் படித்த பாடநூலில் இவ்வினாவுக்கு ஐயத்துக்கிடமற்ற விடை இருந்தது. ஒரு மூலம் இந்தோலின் நைதரசனிலிருந்து புரோத்தனைக் கவர்கிறது; அதனால் இலத்திரன் செறிவு பெற்ற மூன்றாம் காபன் இரும்பிற் கட்டுண்ட ஒட்சிசனைத் தாக்குகிறது; பின்னர் மீளொழுங்கு, வளையத் திறப்பு. எல்லாம் வளைந்த அம்புக்குறிகளால் வரையப்பட்டிருந்தன. இந்த அம்புக்குறியைப் பற்றி ஒன்று கூறவேண்டும். இலத்திரன் சோடியின் நகர்வைக் காட்டும் மிகச் சிறந்த கற்பிதம் அது. ஆனால் அச்சில் ஏறியவுடன் எவரோ கண்டு வரைந்தது போன்ற தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. பரீட்சை மண்டபத்தில் ஆயிரம் மாணவர் அதையே மீண்டும் வரையும்போது கற்பிதம் உண்மையின் தகுதியை அடைகிறது.

மூலவூக்கக் கொள்கைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1-மெதைல் திரிப்தோபனில் கவர்வதற்குப் புரோத்தன் இல்லை. அது நொதியத்தைத் தடுக்கிறது. ஆகவே புரோத்தன் கவரப்படுதல் அவசியம் என்று வாதிடப்பட்டது. 2007இல் ஒரு பற்றீரியத்தின் திரிப்தோபன் டையொட்சிசனேசு எக்ஸ் கதிர்ப் பளிங்கியல் மூலம் தெளிவாகியபோது, இந்தோலின் நைதரசனுக்கு அருகில் இசுதிடீன் ஒன்று ஐதரசன் பிணைப்புடன் நிற்பதும் தெரிந்தது. மூலம் தனக்குரிய ஆசனத்திலேயே அமர்ந்திருந்தது என்று கூறத் தோன்றும். ஆயின் அதற்கு முந்திய ஆண்டில் வெளியான உறவு நொதியத்தின் கட்டமைப்பில் அதே இடத்தில் இருந்தது செரீன். செரீன் அவ்வாறான மூலமன்று. ஆகவே அங்கு இரும்பிற் கட்டுண்ட ஒட்சிசனே புரோத்தனைக் கவர்கிறது என்று விளக்கம் திருத்தப்பட்டது. ஒரு கொள்கை இவ்வாறு ஒவ்வோரிடத்துக்கும் ஒவ்வொரு துணையைத் தேடத் தொடங்கும்போது அதன்மீது சந்தேகம் கொள்வதில் தவறில்லை. தவிரவும், இந்தோல் நைதரசனின் அமிலத்தன்மை மிகக் குறைவு. அதன் பீக்கேஏ பெறுமானம் ஏறத்தாழ 17. இசுதிடீனின் புரோத்தனேற்ற வடிவத்துக்கோ 6 அல்லது 7. பத்து அலகு வேறுபாடு என்பது ஆயிரம் கோடி மடங்கு.

இக்கட்டத்திலேதான் கணிப்பு உள்ளே வருகிறது. மூலக்கூறுகளின் நடத்தையை ஆளும் சமன்பாட்டை சுறோடிங்கர் 1926இல் தந்தார். இரசாயனவியலுக்கு வேண்டிய விதிகள் யாவும் தெரிந்தாயிற்று, இடர்ப்பாடு அவற்றைத் தீர்ப்பதிலேயே உள்ளது என்ற கருத்தை டிராக் 1929இல் எழுதினார். அவர் கூறிய இடர்ப்பாடு சிறிதன்று. ஈமில் மட்டும் நூற்றுக்கணக்கான இலத்திரன்கள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றையும் தள்ளுகிறது. எல்லா இலத்திரன்களையும் தனித்தனியே பின்தொடர்வதற்குப் பதிலாக வெளியில் அவற்றின் அடர்த்தியை அறிந்தாற் போதும் என்று 1964இல் ஹோஹென்பேர்க்கும் கோனும் நிறுவினர். அடுத்த ஆண்டில் கோனும் சாமும் அதைச் செய்கைக்கு ஏற்ற வடிவத்திற்குக் கொணர்ந்தனர். இன்னொரு வழியை வார்ஷெலும் லெவிற்றும் 1976இல் லைசோசைம் என்ற நொதியத்திற் கையாண்டு காட்டினர். பிணைப்புகள் முறிந்து ஆகும் சிறு பகுதியைச் சொட்டுப் பொறியியலால் ஆராய்க. சூழவுள்ள ஆயிரக்கணக்கான புரத அணுக்களையும் நீரையும் விற்களால் இணைந்த கோளங்களாகக் கருதிப் பழம் பொறியியலால் ஆராய்க. திருவிழாவைப் படம் பிடிப்பவன் தேரின் சில்லைக் கூர்மையாகவும் சனத்திரளை மங்கலாகவும் பிடிப்பதைப் போன்றது இது. கோனுக்கு 1998இலும், வார்ஷெல், லெவிற், கார்பிளஸ் ஆகியோருக்கு 2013இலும் நோபல் பரிசு கிடைத்தது.

2008இல் ஜப்பானிய இரசாயனவியலாளர் மொரோக்குமாவின் குழுவினர் அடர்த்திக் கொள்கையைக் கொண்டு நமது தாக்கத்தைக் கணித்தனர். முதலில் அவர்கள் எடுத்துக்கொண்டது புரதமின்றிய சிறு மாதிரி. புரதத்தையும் சேர்த்த கணிப்பு 2010இல் வந்தது. 2008ஆம் ஆண்டின் முடிவு பாடநூலுக்கு மாறானது. புரோத்தனைக் கவரும் பாதை சாதகமானதன்று; இரும்பிற் கட்டுண்ட ஒட்சிசன் இந்தோல் வளையத்தின் காபனை நேரடியாகவே அடையலாம்; அவ்வழிகளுள் ஒன்று மூலிகப் பண்பு உடையது. அடுத்து ஒட்சிசன்-ஒட்சிசன் பிணைப்பு முறியும்போது ஓரணு வளையத்தில் எப்பொட்சைட்டாகவும், மற்றையது நான்காம் ஒட்சியேற்ற நிலையிலுள்ள இரும்பின்மீது பெரில் எனப்படும் வடிவிலும் தங்கலாம். அதாவது இரு அணுக்களும் ஒருங்கே அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன.

இதைப் படித்தவர்கள் என்ன செய்திருக்கலாம்? கணினி சொல்கிறது என்று ஒதுக்கியிருக்கலாம். அல்லது கணினியே சொல்லிவிட்டது என்று பாடநூலைத் திருத்தியிருக்கலாம். இரண்டும் நிகழாமற் போனதே இவ்வரலாற்றின் சிறப்பென நான் கருதுகிறேன். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரேவனின் குழுவினர் 1-மெதைல் திரிப்தோபனை மீண்டும் கையிலெடுத்தனர். தடுப்பான் என்று பெயர் பெற்ற அப்பொருள், பொறுமையுடன் நோக்குமிடத்து, இந்தோலமீன் டையொட்சிசனேசினால் மெதுவாக ஒட்சியேற்றப்படுகிறது என்று 2009இல் அவர்கள் அறிவித்தனர். கவர்வதற்குப் புரோத்தனே இல்லாத மூலக்கூறும் தாக்கமுறுகிறது எனின், புரோத்தனைக் கவர்வது இன்றியமையாத படி ஆகாது. அதே ஆண்டில் நியூயோர்க்கில் யேயின் குழுவினர் இராமன் நிறமாலையின் மூலம் பெரில் இடைநிலையை நொதியம் தொழிற்படும்போதே கண்டனர். ஓர் ஒட்சிசன் அணு மட்டும் சேர்ந்த விளைபொருளைத் திணிவு நிறமாலை 2011இற் காட்டியது. பதினெட்டாண்டுகளாக ஆய்வுகூடத் தட்டுகளில் தடுப்பான் என்ற சிட்டையுடன் இருந்த அதே வெண்ணிறப் பொடி பழைய கொள்கைக்கு எதிரான சாட்சியாயிற்று. 1991ஆம் ஆண்டில் அது தடுப்பான் என அறிவிக்கப்பட்டது பிழையன்று; வேகம் குறைந்த தாக்குபொருள் வேகம் கூடியதற்கு இடையூறாக நிற்பது இயல்பே. அதிலிருந்து பொறிமுறையை உய்த்துணர்ந்ததே அவசரம்.

இவ்வெற்றியைக் கண்டு கணிப்பின்மீது அளவிறந்த நம்பிக்கை கொள்வோர் உளர். அவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. காரணம் எண்களிலேயே உள்ளது. அறை வெப்பநிலையில் ஏவற்சக்தி மூலொன்றுக்கு 1.4 கிலோகலோரி கூடினால் தாக்கவேகம் பத்திலொன்றாகக் குறைகிறது. 3 கிலோகலோரி கூடினால் ஏறத்தாழ நூற்றைம்பதிலொன்று. இரும்பு போன்ற தாண்டல் மூலகங்களில் இம்முறைகளின் வழு 3 முதல் 5 கிலோகலோரி வரை இருக்கக்கூடும் என்பது இத்துறையில் உள்ளோர் அனைவரும் ஒப்புக்கொள்வது. ஆகவே ஒரு கணிப்பு தரும் தனியெண்ணைக் கொண்டு இந்நொதியம் வினாடிக்கு இத்தனை மூலக்கூறுகளை மாற்றும் என்று கூறுவது சோதிடத்துக்கு அயலில் நிற்பது. ஒரே முறையால் இரு பாதைகளை ஒப்பிடும்போது வழுக்களில் ஒரு பகுதி ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. வேறுபாடு பெரிதாயின் நம்பலாம். மேற்கூறிய கணிப்பின் பலம் அங்கேதான்.

இன்னும் நுட்பமான அபாயம் ஒன்றுண்டு. உண்மையான அடர்த்திச் சார்பு எதுவென்று கொள்கை கூறுவதில்லை. அது இருக்கிறது என்று மட்டுமே கூறுகிறது. ஆகவே மக்கள் தாமே ஆக்கிக்கொள்கின்றனர். நொதிய ஆய்விற் பெருவழக்கான பீ-3-எல்-வை-பீ என்ற வாய்பாட்டில் பெக்கே 1993இற் கையாண்ட மூன்று மாறிலிகள் உள்ளன. சிறு மூலக்கூறுகளின் பரிசோதனைப் பெறுமானங்களுக்குப் பொருந்துமாறு தெரிவுசெய்யப்பட்டவை அவை. அவற்றுள் ஒன்று, செப்பமான பரிமாற்றச் சக்தியின் பங்கு, 20 சதவீதம். அதை 15 சதவீதமாக்கினால் இரும்புச் சேர்வைகளின் கறங்கல் நிலைகள் மேலும் பொருத்தமாக அமைகின்றன என்று 2001இல் ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டது. இத்திருத்தங்கள் நேர்மையானவை, வெளிப்படையாகச் செய்யப்பட்டவை. எனினும், விரும்பிய விடை வரும்வரை திருகத்தக்க திருகாணி ஒன்று கையில் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. பரிசோதனை வெளியான பின்னர் அதனுடன் அழகாகப் பொருந்தும் கணிப்புகளைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சியிலும் எச்சரிக்கையே மிகுகிறது. 2008ஆம் ஆண்டின் கணிப்பு பாடநூல் மறுபுறம் நின்றபோதே பேசியது; அடுத்த ஆண்டே பொய்யென்று நிறுவப்பட்டிருக்கவும் கூடியது. நான் அதற்கு மதிப்பளிப்பது அதன் எண்களுக்காக அன்று. அவ்வாறு பொய்ப்படக்கூடிய இடத்தில் நின்றமைக்காக.

இதை நமது மாணவருக்குச் சொல்லவேண்டிய தேவை உண்டு. இராமன் கருவியோ, உறைவெப்பநிலைக்கு வெகு கீழே இடைநிலைகளைப் பிடித்துவைக்கும் சாதனங்களோ நம் போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கு எளிதில் எட்டுவன அல்ல. கணிப்புக்கான நல்ல மென்பொருள்கள் சிலவோ கல்விசார் பயனாளருக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு கணினியும் பொறுமையும் இருந்தாற் போதும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளின்போது பொறுமையே முதலில் தீர்ந்தது என்பது வேறு விடயம். நான்கு நாள் ஓடிய கணிப்பு ஐந்தாம் நாள் இருளில் மறைவதைக் கண்டவர்களுக்கு அது விளங்கும். ஏழை நாட்டவர்க்கு இத்துறை ஒரு திறந்த வாயில் என்பதில் ஐயமில்லை. ஆனால் வாயிலாற் சென்றவர் பரிசோதனையாளருடன் பேசாமல் எண்களை அடுக்கிக் கட்டுரையாக்கித் திரும்பிவிடுவாராயின் பயனென்ன? மென்பொருள் எந்த உள்ளீட்டுக்கும் ஒரு விடையைத் தந்துகொண்டே இருக்கும். அவ்விடையைப் பொய்ப்பிக்கத்தக்க பரிசோதனை எது என்று கேட்காத ஆய்வேட்டை நான் முழுமையான ஆய்வேடாகக் கொள்வதில்லை.

பொறிமுறை தெரிந்ததனால் மருந்தும் கிடைத்துவிடும் என்ற எண்ணமும் பொருத்தமற்றது. புற்றுநோய்க் கலங்கள் இந்தோலமீன் டையொட்சிசனேசைப் பயன்படுத்தி நிர்ப்பீடனத்திலிருந்து தப்பிக்கொள்கின்றன என்ற கருத்தின் அடிப்படையில் அந்நொதியத்தைத் தடுக்கும் எப்பகடோஸ்ராற் என்ற மருந்து ஆக்கப்பட்டது. பரவிய மெலனோமா நோயாளரிடையே நடந்த மூன்றாங்கட்டப் பரிசோதனையில், ஏற்கெனவே வழக்கிலிருந்த மருந்துடன் அதைச் சேர்த்துக் கொடுத்தமையால் மேலதிக நன்மை எதுவும் கிட்டவில்லை என்று 2018இல் தெரியவந்தது. நொதியத்தை அம்மருந்து நன்றாகவே தடுக்கிறது. நோய்தான் அந்த ஒரு கதவை மட்டும் நம்பியிருக்கவில்லை போலும்.

நொதியத்துக்குத் திரும்புவோம். புரோத்தன் கவரப்படுவதில்லை எனின் எப்பொட்சைட்டு வளையம் திறப்பது எவ்வாறு என்ற வினா எஞ்சுகிறது. அது திறப்பதற்கு ஒரு புரோத்தனைப் பெறவேண்டும். புவனஸ் அயரஸ் நகரத்துக் குழுவொன்று நியூயோர்க் குழுவினருடன் சேர்ந்து புரதத்தையும் உள்ளடக்கிச் செய்த கணிப்புகள் 2012இல் ஒரு வியப்பான விடையைத் தந்தன. அப்புரோத்தனைத் தருவது இசுதிடீனுமன்று, செரீனுமன்று, நீருமன்று. திரிப்தோபனின் மறுமுனையிலுள்ள அமோனியக் கூட்டமே அதைத் தருகிறது. தன்னைத் திறப்பதற்கான சாவியைத் தானே சுமந்து வருகிறது அம்மூலக்கூறு என்பது இதன் பொருள். எனின், அக்கூட்டத்தை நீக்கிய திரிப்தோபனையோ, அதன் நைதரசனையும் மெதைலால் மூடிய திரிப்தோபனையோ நொதியத்துக்குக் கொடுத்தால் என்ன நிகழும்? அது நொதியத்தினுள் அமரவே மறுத்தால் பரிசோதனை எதையும் கூறாது. அமர்ந்தும் எப்பொட்சைட்டுடன் நின்றுவிட்டால் எல்லாவற்றையும் கூறும். இவ்விரண்டையும் எவ்வாறு வேறுபிரித்து அறிவது என்பதைப் பற்றி என் மாணவி ஒருத்தியும் நானும் சில வாரங்களாக வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.